ஒரே வூட்டு ரத்தம்

அபிஷேகப்பாக்கம்,
ஞாயிறு பூசை முடிஞ்சு

அன்புள்ள மாப்பிள்ளை சேவியர்ராஜுக்கு,

துபாய்ல ஆண்டவர் உனக்கு நல்ல சுகம் குடுக்கட்டும். உன் மாமன் அந்தோணிசாமி சொல்லச் சொல்ல, பக்கத்து வூட்டு செல்வகுமாரி எழுதுது. எங்க நம்பரையெல்லாம் நீ பிளாக் பண்ணிட்ட. அதனால லீவு முடிஞ்சு துபாய்க்குத் திரும்புற நம்ம ஊரு பிரிட்டோ கையில இதைக் குடுத்தனுப்புறேன்.

உன் மக சுகந்தியோட ரத்தப் பரிசோதனை முடிவு மெட்ராஸ்ல இருந்து வந்துடுச்சு. கண்ணுல வெளிச்சம் விழுந்ததும் உள்ள சேதி கொண்டு போக ஒரு புரதம் இருக்காம். அதைச் செய்யற ஜீனுக்கு ஜிஎன்ஏடி டூன்னு பேராம். புள்ளைக்கு அதுல பழுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வாய்க்கால்ல தண்ணி வந்து நிக்குது, மடைக்காரனுக்குச் சொல்ல ஆள் இல்ல, அப்படின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். பகல் வெளிச்சத்துல அதுக்குக் கண்ணு கூசும், நிறம் தெரியாது, அவ்வளவுதான். அதனாலதான் வெயில்ல கண்ணைத் திறக்காம அழுவுது. பொழுது சாஞ்சா தெருப் புள்ளைங்களோட சரிக்குச் சரி ஓடுது. குருடு இல்லடா அது.

இந்தப் பழுது அம்மா வழியில ஒண்ணு, அப்பா வழியில ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் வருமாம். உங்க வூட்டு ரத்தமே கெட்ட ரத்தம், என் மக உஷாவோட இனி வாழ மாட்டேன்னு போன்ல கத்தினியே. எங்க வூடு எது, உங்க வூடு எது? உன்னைப் பெத்த காசம்மாள் என் கூடப் பொறந்தவ. மாமன் பொண்ணைத்தான் கட்டுவேன்னு நீதான் ஒத்தக்கால்ல நின்ன. நெருங்கின சொந்தம்னு சாமியார் மூலமா ஆயர்கிட்ட தனி அனுமதி வாங்கித்தானே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாங்க?

எங்க பரம்பரையில இந்தச் சீக்கே கிடையாதுன்னு உன் அம்மா தெருவுல சொல்லுது. எங்க சித்தப்பா அமிர்தசாமியை அதுக்கு ஞாபகப்படுத்து. உச்சி வெயில்ல துண்டால மூஞ்சியை மூடிக்குவாரு. மிளகாயில பச்சை எது, பழம் எதுன்னு தெரியாது. ஊரே கோட்டான்னு கூப்பிட்டுச்சு. அவரைக் கையைப் புடிச்சு வயலுக்கு இட்டுக்கினு போனது யாரு? பாவாடை கட்டின காசம்மாள்தான். இல்லைன்னு சொல்லட்டும் பாப்போம்.

இதுல உஷா பண்ண தப்பு இன்னாடா? உன் தப்பும் இல்ல.

அவ சரியா சோறு எடுக்கறதில்ல. வியாழக்கிழமை பம்ப்செட்டுக் கிணத்து மேல நின்னுக்கிட்டு இருந்தா. துணி துவைக்க வந்தேன்னா. கையில துணி இல்ல.

புள்ளைக்குக் கருப்புக் கண்ணாடி போட்டிருக்கோம். போட்டா எடுத்து அப்பாவுக்கு அனுப்புன்னு நச்சரிக்குது. எந்த நம்பருக்குடா அனுப்பறது?

உஷாகிட்ட பேச மனசு இல்லன்னா புள்ளைகிட்ட பேசு. அவ பக்கத்துல நின்னு உன் குரலைக் கேட்டுக்குவா. இதை எழுதி முடிக்கற வரைக்கும் அவளை என் கண் எதிர்லயே உக்கார வச்சிருக்கேன். எனக்கு வயசாச்சுபா, நாள் பூரா பார்த்துக்கிட்டே இருக்க முடியல.

மாதா உன்னைக் காப்பாத்தட்டும். நீ என் மகளைக் காப்பாத்து.

இப்படிக்கு,
உன் மாமன் அந்தோணிசாமி
(கைநாட்டு)