தூங்கி விழும் பலசாலி

சங்கரன்கோவில்,
14.8.2025

அன்பு மருமகள் ஜெனிபாவுக்கு மாமா ஏசுதாசன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தை ஞானபாக்கியமும் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்துக்கு எழுதவும்.

கோயிலில் ஆடித் தபசுத் திருநாள் முடிந்து இப்போதுதான் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினேன். இந்த வருசம் நம்ம சவுண்ட் சர்வீஸ் மைக்கில் நான் சொன்ன 'ஹலோ' பனவடலிசத்திரம் வரைக்கும் கேட்டதாம். அங்கிருந்து ஒருவர் திருப்பி 'ஹலோ' சொன்னதாகவும் கேள்வி.

போனில் டைப் அடிக்க என் விரல் பெரிசு. அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். நீயும் கையால்தான் எழுத வேண்டும். கையெழுத்தில்தான் பிள்ளையின் முகம் தெரிகிறது.

நீ பார்க்கச் சொன்ன கொரியா நாடகத்தை ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பையன் பெயர் என் வாயில் நுழையவில்லை. 'பார்சல் தம்பி' என்று வைத்துவிட்டேன். பார்சல் கொடுக்கிறவன் ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குகிறானே, அம்மாடி! தூக்கி முடித்ததும் நடுரோட்டில் குறட்டை விடுகிறான் பார், அங்கேதான் எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. கொழுக்கட்டை விற்கிற அக்காள் தள்ளுவண்டியோடு வந்து, திட்டிக்கொண்டே அவனை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறாள். நம் ஊர் ஹீரோக்கள் எவனாவது தூங்கிப் பார்த்திருக்கிறாயா? வாலிபத்தில் நானும் ஒரு ஜெனரேட்டரைத் தனியாகத் தூக்கியிருக்கிறேன். ஆனால் தூங்கவில்லை.

டீக்கடைத் துரைப்பாண்டி கேட்டான்: "ஏலே ஏசுதாசா, ஒம் மருமவ எப்பம்ல ஊருக்கு வருவா?"

"அவ வந்துட்டா அந்த ஆஸ்பத்திரிய யாருல நடத்துவா? டாக்டருமாரே அவகிட்ட கேட்டுட்டுத்தான் ஊசி போடுதாங்க" என்றேன்.

தங்கப்பழம் அண்ணாச்சியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உடனே பார்த்துச் சொல். 'எம் மருமவ பாத்தா போதும்' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா ஏசுதாசன்

*

மஸ்கட்,
29.8.2025

அன்புள்ள மாமா,

நல்லா இருக்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். ஒரு மாதமாக இரவு வேலை. பகலில் படுத்தால் ஊரிலிருந்து யாராவது ரிப்போர்ட் அனுப்புகிறார்கள். போன் சத்தத்தில் எழுந்து பார்த்துப் பதில் சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. அண்ணாச்சிக்குக் கிட்னியில் கல் இருக்கிறது. பக்கத்தில் நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்கு நான் தேவையில்லை.

டாக்டர்கள் என்னிடம் கேட்டு ஊசி போடுவதில்லை மாமா. நர்ஸ் நான் போட்டபின், ஏன் தாமதம் என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த நாடகத்தை இங்கே நாங்கள் நான்கு பேர், நான்கு நாட்டுக்காரிகள், சாப்பிடும்போது பார்க்கிறோம். அவன் சரிந்து விழும்போது எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கிறோம். பிறகு அவரவர் டப்பாவை மூடிக்கொண்டு வார்டுக்குப் போகிறோம்.

அக்டோபரோடு ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடாமல் ஊருக்கு வந்துவிடட்டுமா? அடுத்த வேலை பார்க்கும் வரை கொஞ்ச நாள் சும்மா இருக்க வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் சரி என்றால் வருகிறேன். அம்மா போனபிறகு எனக்கு வீடென்றால் அம்மா பிறந்த உங்கள் வீடுதானே.

அத்தையிடம் சொல்லுங்கள்.
ஜெனிபா

*

சங்கரன்கோவில்,
6.9.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சும்மா இருப்பதா! ஏட்டி, யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்கிறாய்? நம் வம்சத்தில் சும்மா இருந்தவர் யாருமில்லை. போன ஞாயிறு சர்ச்சில் பாதிரி ஐயர் ஆராதனையில் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். மைக் என்னுடையது என்பதால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன். ஊரெல்லாம் கேட்டபின் நீ பெட்டியோடு வந்து நின்றால் நான் டீக்கடைப் பக்கம் போக முடியுமா? பேசாமல் கையெழுத்தைப் போடு. ரெண்டு நாள் நல்லா தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும்.

ஏழாவது பாகம் பார்த்தாயா? தூங்குகிறவனை எழுப்ப ஊரே வரிசையில் நிற்கிறது! ஒருத்திக்குப் பிரிட்ஜை மாடிக்கு ஏற்ற வேண்டும், ஒருவருக்கு மரத்திலிருந்து பூனையை இறக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புகிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் அத்தை ஓடி வந்துவிட்டாள்.

துரைப்பாண்டியின் மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். அங்கே ஓர் இடம் பார்த்து வை. நீ பார்ப்பாய் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

மாமா ஏசுதாசன்

*

மஸ்கட்,
20.9.2025

அன்புள்ள மாமா,

ஏழாவது பாகம் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து அவன் சிரிக்கிறானே, 'சொல்லுங்க, என்ன தூக்கணும்?' என்று கேட்கிறானே, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் மாமா. நான் தினமும்

இந்த இடத்தில் தூங்கிவிட்டேன். பேனா இழுத்த கோடு தாளின் ஓரம் வரை போயிருக்கிறது. வேறு தாளில் எழுத முடியவில்லை. இதையே அனுப்புகிறேன். நாளை கையெழுத்துப் போட வரச்சொல்லியிருக்கிறார்கள்.

ஜெனிபா

*

சங்கரன்கோவில்,
20.9.2025, சாயங்காலம்

மக்கா ஜெனிபா,

போடாதே.

உன் கடிதத்தை அத்தையிடம் காட்டினேன். அவள் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து ஓரம் வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். "புள்ள விழுந்துட்டா. வண்டிய எடுத்துட்டுப் போம்" என்றாள். ஏழாவது பாகத்தை மறுபடி போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நேரே டீக்கடைக்குப் போனேன். "எம் மருமவள நாந்தாம்ல வரச்சொல்லிட்டேன். போதும், அங்கன உள்ளவங்களும் கொஞ்சம் வேல படிக்கட்டும்னுட்டேன். ஆஸ்பத்திரிக்காரன் போன்ல அழுதான். நான் அசையலையே!" என்றேன்.

துரைப்பாண்டி, "அவன் எந்த பாசையிலவே அழுதான்?" என்று கேட்டான்.

"அழுகைக்கு என்னலே பாசை?" என்றேன். அவன் மகளுக்கும் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தங்கப்பழம் அண்ணாச்சியிடம், இனி போனில் ரிப்போர்ட் பார்க்க அந்த நாட்டில் தடை என்று அடித்துவிட்டேன். நம்பிவிட்டார். நீ வந்தபிறகும் அதையே சொல்.

அக்டோபரில் பிளேன் இறங்கி ரயிலேறியதும் எந்தப் பெட்டி என்று சொல். ஸ்பீக்கர் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியைக் கழுவி, மெத்தை போட்டு, ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். நடந்து வந்தாலும் சரி, ஏறிப் படுத்தாலும் சரி. எவனாவது கேட்டால் மஸ்கட்டிலிருந்து புது ஸ்பீக்கர் வந்திருக்கிறது என்பேன். வீடு வரை நானே மிதிப்பேன். ஜெனரேட்டர் தூக்கினவனுக்கு இது ஒரு கனமா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். தூங்கு.

மாமா