ஏரிக்குள் வைக்க வேண்டிய பந்தயம்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று காலை எங்கள் ஸ்ரீரங்கம் தெருமுனையில் மெக்கானிக் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை உதைத்து எழுப்பினார். அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே கோபமும். கோபப்படக்கூட இப்போது அலுப்பாக இருக்கிறது.

நம் பைக் கிளப்பின் முதல் பந்தயத்துக்கு இடம் தேடித் திண்டுக்கல் ரோட்டில் அலைந்தோமே. வையம்பட்டி பக்கம் வற்றிக் கிடந்த ஏரியைக் கண்டதும் வண்டியை நிறுத்தினாய். நான் இறங்கி மண்ணைப் பார்த்தேன். நீ கரைமேல் ஏறி, கூட்டம் உட்காரப்போகும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாய்.

“அந்த வளைவைப் பாருடா. உள்பக்கம் மணல், வெளிப்பக்கம் கெட்டித் தரை. ரெண்டு வழி இருக்கு. முன்னாடி போறவன் பயந்து பயந்து திரும்பிப் பாக்கணும். அப்பத்தான் கரையில இருக்கிறவன் எந்திரிச்சு நிப்பான்.”

அப்படியே நடந்தது. கரையில் ஒருவரும் உட்காரவில்லை, நின்றபடியே கத்தினார்கள்.

அடுத்த ஆண்டு பணம் போட ஒரு மனை வியாபாரி வந்தார். பந்தயம் ஊருக்குப் பக்கத்தில் அவர் பிளாட் போட்ட இடத்துக்குப் போயிற்று. கிளப் கூட்டத்தில் நான் எதிர்த்தேன்.

“ஏரிக்குள்ள அவரு கார் இறங்குமாடா?” என்றாய்.

“அப்ப பந்தயத்தை அவரு காருக்குள்ளயே வச்சுக்க.”

“இவனுக்கு எதுலயும் குத்தம்தான்ப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பட்டம் இன்னும் என்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு உன்னை மன்னிக்கவில்லை. நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காக மன்னிக்கவும் தோன்றவில்லை.

அந்தப் பந்தயத்துக்கு வந்திருந்தேன், நீ பார்க்கவில்லை. குறுகலான தார் ரோடு, கட்டம் கட்டமாகத் திருப்பங்கள். முதல் திருப்பத்தில் முந்தியவனைக் கடைசிவரை யாராலும் தாண்ட முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்:

“யாருங்க ஜெயிப்பாங்க?”

“முன்னால போறவருதாங்க.”

“அப்ப மத்தவங்க எதுக்குங்க ஓட்டுறாங்க?”

நீ மேடையில் மனை வியாபாரிக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தாய்.

இப்போது உன் நினைவாக ஒரு பந்தயமாம். அதையும் அந்த பிளாட்டுகளில்தான் வைக்கப் பார்க்கிறார்கள். இடத்தை முடிவுசெய்யும் கூட்டத்தில் வாசிப்பதற்காக, உன்னைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லி எல்லோரையும் கேட்டிருக்கிறார்கள். உன்மேல் எனக்கு எத்தனை வருத்தம் இருந்தாலும், உன் பெயரில் ஜனங்கள் கொட்டாவி விடக்கூடாது. ஏரிக்கே திரும்பிப் போகட்டும்.

பஸ்ஸில் போகும்போது காலி நிலத்தைக் கண்டால், பின்னால் வருபவன் எங்கே முந்துவான் என்று என் கண் இன்னும் தேடுகிறது. அது உன்னிடமிருந்து வந்த பழக்கம். விட முடியவில்லை.

என் பெயரைப் பார்த்தால், ‘அவனா?’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால், யார் என்று கண்டுபிடிக்கவாவது தொடர்ந்து வாசிப்பார்கள். பாதியில் தெரிந்துவிடும்தான். அதற்குள் அந்த வளைவைப் பற்றி நீ சொன்னது அவர்கள் காதில் விழுந்திருக்கும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.