டிவியில் விழுந்த எழுத்து

அன்பு மகன் கிரிதருக்கு, பீமவரத்திலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மருமகள் சிரவந்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியில் சொல்ல வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அவர் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தால் சீப்பு அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அனுப்புகிறேன் என்றாயே, வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கேபிள்காரர் பாஷா வந்து, "இந்தத் துண்டுதான்மா கம்ப்யூட்டரே, இனிமே உங்க டிவி டிவி இல்ல" என்று டிவியின் பின்னால் செருகினார். அப்படியானால் என் சீரியல் எங்கே போகும் என்று கேட்டேன், "அதுவும் வரும், இதுவும் வரும்" என்றார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத்து விழுகிறதா என்று பார்க்க வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்தவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று கீபோர்டை அப்பாவின் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா போன் செய்தார். "பக்கவாதம் வந்ததுலேருந்து கட்டையாட்டம் கெடக்கான், அவனுக்கு என்ன தெரியப்போவுது, ஏலூரு முதியோர் இல்லத்துல விட்டுடலாம், நீயாவது நிமிந்து நிப்பே" என்று பழைய பேச்சையே பேசினார். என் இடுப்பு வலியில் நானும் சரி என்று சொல்லிவிட்டேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் டிவியில் இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. கீபோர்டு போர்வைக்கடியில் கிடந்தது, சாமான் கெட்டுவிட்டது என்று பயந்து பக்கத்து வீட்டு நாகமணி டீச்சரைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அக்கா, இங்கிலீஷ் எழுத்துல நம்ம தெலுங்குதான். போகமாட்டேன்னு இருக்கு" என்றாள். யார் போகமாட்டார்கள், இந்த மிஷினா என்று கேட்டேன். இப்போதெல்லாம் மிஷினே நாம் பேசுவதைக் கேட்டு எழுதுமாம், அவளும் குழம்பிப்போனாள்.

அப்புறம்தான் போர்வையை விலக்கினேன். உன் அப்பாவின் இடது கை கீபோர்டு மேல் இருந்தது. நாக்கும் வலப்பக்கமும்தான் போயின, புத்தி போகவில்லை என்று டாக்டர் சொன்னபோது நம்மில் யார் நம்பினோம். இடது கையில் பேனா நிற்கவில்லை, சிலேட்டைத் தூக்கி எறிந்தார், அத்தோடு விட்டுவிட்டோம். சர்க்கரை ஆலையில் டைப் அடித்த விரல்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீங்களா என்று கேட்டேன். மெதுவாக விழுந்த எழுத்தை நாகமணி படித்தாள், பருப்புப் பப்பில் உப்பே இல்லையாம். இத்தனை நாள் பேசாத மனுஷன் முதலில் கேட்பது உப்பா என்று திட்டிவிட்டு நான் அழுதேன், அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

அப்பாவை இல்லத்துக்குக் கூட்டிப்போகப் பெரியப்பா காரோடு வந்தேவிட்டார். டிவியைக் காட்டினேன். "மிஷின் எழுதுது, நீ நம்பறியா" என்று என்னைக் கேட்டார். அப்பா அவரையே பார்த்தபடி விசைகளைத் தட்டினார். பெரியப்பா தானே உரக்கப் படித்தார், "அண்ணா, காபி குடிச்சிட்டுக் கெளம்பு." படித்த பிறகு தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், காபி குடித்தார், தனியாகவே திரும்பிப் போனார்.

எனக்குத்தான் இன்னும் தலைகால் புரியவில்லை. அவருக்கு ஒன்றும் புரியாது என்று அவர் அம்மாவைப் பற்றி, அவர் தங்கையைப் பற்றி, என் தலைவிதியைப் பற்றி என்னவெல்லாம் புலம்பினேன், எல்லாம் கேட்டிருக்கிறாரே. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா, நீயே சொல்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மறக்காமல் எழுது, அன்றிலிருந்து நான் டிவியை அணைக்கவே இல்லை, அணைத்தால் அவர் எழுதியதெல்லாம் போய்விடுமா?

உன் அம்மா,
சேஷரத்னம்