நூல்கண்டுக்கு அடியில் இருந்த மாத்திரை

அன்பு மகள் குட்டிக்கு அப்பா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், உன் அம்மாவும் நலம் என்று சேர்த்து எழுத இன்னும் கை வரவில்லை.

போன வாரம் அம்மா தையல் மிஷின் முன்னாலேயே சரிந்துவிட்டாள், உடம்பு சில்லிட்டு நாடியே கைக்கு அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் ஒரு துரும்பு நுழையாது என்று அடித்துச் சொன்னேன். பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. அப்புறம்தான் உன் அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தாள், கையில் நீ அனுப்பிய மாத்திரை அட்டைகள். நீ அனுப்பும் எதுவும் இந்தப் படி ஏறக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் அம்மா அவற்றை அத்தை மூலமாக வாங்கி மிஷின் டிராயரில் நூல்கண்டுக்கு அடியில் ஒளித்திருக்கிறாள். இங்கே டாக்டர் கொடுக்கும் பிரஷர் மாத்திரையும் அதுவும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. இரண்டையும் சாப்பிட்டிருக்கிறாள். தலை சுற்றினால் பிரஷர் ஏறிவிட்டது என்று அவளுக்கு எண்ணம், சுற்றச் சுற்ற இன்னும் விழுங்கியிருக்கிறாள்.

இன்சுலின் ஏற்றப் போகிறோம் என்றார்கள். அவளுக்குச் சர்க்கரையே கிடையாது, நானும் நாலு மருத்துவப் புத்தகம் படித்தவன்தான் என்று மறித்தேன். "ஐயா, உங்க படிப்பை அப்புறம் பேசலாம், அந்த மாத்திரை அதிகமாகி அவங்க இதயம் சோர்ந்துகிட்டே போகுது, இப்ப அதுக்குத் தெம்பு இதுதான்" என்று டாக்டரம்மா என்னை விலக்கிவிட்டுப் போனார். குளுக்கோஸ், கால்சியம், ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு மருந்து என்று உடம்பெல்லாம் குழாய். யாருக்கும் வளையாத நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது, கை நடுங்குகிறது, இனி ஊசியில் நூல் கோக்க வராது. கண் விழித்ததும் முதல் வார்த்தை, "குட்டிகிட்ட சொல்லிடாதீங்க, நொந்துபோயிடுவா". ஏன் இரண்டையும் சாப்பிட்டாய் என்று அதட்டினேன். "புள்ள அனுப்பினதை எப்படிங்க தூக்கிப் போடுறது, அவளே வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள் நீ, அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் இனி ஒரு அட்டைகூட அனுப்பாதே. நீ அனுப்பும் எதுவும் படி ஏறக் கூடாது என்ற சொல்லை நான் மாற்றப் போவதில்லை. நீ ஏறக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை, யோசித்துப் பார்.

தீர்க்காயுசாய் இரு. குளிரில் காதை மூடிக்கொள். அம்மா வாசல் பக்கம் பார்த்தே படுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மாறாத உன் அப்பா