முதுகுப் பக்கிள்

லிங்கேஷ் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஷீலா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் கணவனுக்கு எழுதினாள்.

“நான் மதுரைக்குப் போறேன். சொதி அடுப்படியில இருக்கு, சூடு பண்ணிக்கிடுங்க. கேஸ்காரர் வந்தா காலி சிலிண்டரைக் குடுத்துருங்க. சாவி ஆணியில தொங்குது.”

விண்வெளிப் படைவீரர் வேஷம் கட்டுகிறவர்கள் மதுரையில் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவார்கள். ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து அவள் செய்த கவசம் வாசலருகே அட்டைப்பெட்டியில் இருந்தது. அதன் முதுகுப் பக்கிள், கவசத்தைப் போட்டிருப்பவர் கைக்கு எட்டாது. போன வருஷம்வரை லிங்கேஷ் கூடவே வந்து மாட்டிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அண்ணன் வீட்டார் வந்திருந்தார்கள். “இவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு” என்று அவர்கள் முன்னால் கவசத்தைக் காட்டிச் சிரித்தான். ஷீலாவும் சிரித்தபடி காப்பி கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசவில்லை.

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: “பிரஷர் மாத்திரையை மறந்துராதீங்க.”

அதற்கும் கீழே, இன்னும் பொடியாக: “விலாப்பக்கம் புதுப் பக்கிள் வச்சுத் தச்சுட்டேன். இனி நானே மாட்டிக்கிடுவேன்.”

அழுகை வருமோ என்று சற்று நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. பிரித்தெடுத்த முதுகுப் பக்கிளை அதன்மேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.