சுரங்கத்தில் தோடம்பழ வாசனை

முந்தாநாள் அந்தச் சுரங்கத்துக்குள் தோடம்பழத் தோல் வாசனை எங்கிருந்து வந்தது? தெரியவில்லை, தம்பி. ரயில் பெட்டியில் என்னைத் தவிர ஒரு பெரியவர் மட்டும்தான் இருந்தார். அவர் மடியில் குடை ஒன்றுதான். சன்னல்கள் மூடியிருந்தன. கரிப்புகைக்கு நடுவே, அப்போதுதான் ஆரஞ்சு உரித்தது போல, கண்ணைக் கரிக்கிற அந்த வாசனை. ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும் அது போய்விட்டது.

ரயில் பாதை போடும் வேலைக்கு வரைபடக்காரனாகத் தெமோதரைக்குப் போன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வந்திருந்தாய். நம் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டே கேட்டாய்.

"துரை படத்துல ஹெலிகல்னு எழுதியிருக்காருக்கா. மதராஸ்ல பி.ஏ. படிச்சவங்க அர்த்தம் சொல்லுங்க."

அகராதியைப் பார்த்துச் சொன்னேன். கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் முறுக்கிச் சுருண்டது. கொடி பற்றிக்கொள்ள நீட்டுகிற சுருளுக்கும் அதே பெயர். வட்டமாகச் சுற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தேன்.

"வட்டமாவே சுத்துனா ரயிலு பதுளைக்கு எப்பக்கா வந்து சேரும்?"

அறாமல் உரித்த தோலை விரலில் தொங்கவிட்டாய். "பாரு. சுத்திட்டு அதே எடத்துக்கு நேரா வருது. ஆனா கீழ வருது. மேல ஸ்டேஷன், அடியில சுரங்கம்."

"தோலைத் தொங்கவிட்டது போதும், பழத்தைக் குடுங்க," என்றாள் உன் மனைவி.

சுரங்கம் முடியுமுன், அதன் வாயருகே தகரக் கொட்டிலில், காய்ச்சலில் நீ போனாய். இப்போது நான் பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். ஹாலிஎலையில் தனியாகக் கிடந்த உன் மனைவிக்கு நெஞ்சு பலவீனம். மலைச்சாலையில் வண்டிப் பயணம் ஆகாது என்கிறார் வைத்தியர். ரயிலில் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்ள எத்தனையோ முறை கேட்டிருந்தேன்.

"அவரு அங்கதான் இருக்காரு அண்ணி. அவரு தலைமேல கால வச்சு நான் வரமாட்டேன்."

செத்தவர்கள் எங்கும் இருப்பதில்லை என்று ஒவ்வொரு முறையும் கடிந்துகொள்வேன். முந்தாநாளும் அதைச் சொல்லத்தான் போனேன். அவள் கேட்டாள்: "வரும்போது அங்க ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்ல," என்றேன். அந்தச் சொல்லை நம்பி அவள் பெட்டி கட்டினாள்.

ஹெலிகல் என்ற சொல்லை எங்கே கண்டாலும் அகராதி எனக்கு நினைவுக்கு வருவதில்லை. உன் விரலில் ஆடிய தோல்தான் வருகிறது: நேராக வரும், சேராது.

மறுநாள் நடந்தது இவ்வளவுதான். ஹாலிஎலையில் ஏறியவள் என் கையைப் பிடித்தபடி சுரங்கத்துக்கு முன்பே தூங்கிவிட்டாள். இருட்டில் நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கரிப்புகை மட்டும்தான். ரயில் மலையைச் சுற்றி ஏறி மேலே ஸ்டேஷனில் நின்றபோது அவள் விழித்தாள்.

"அந்த எடம் வந்துருச்சா அண்ணி?"

"கீழ இருக்கு."

அவள் பெட்டியின் தரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து நானும்.