அறுபதாவது கையெழுத்து

சி பிளாக், பதினோராம் மாடி,
செனாய்.
12 மார்ச் 2024

அன்புத் தம்பி பெர்னார்டுக்கு,

அக்கா சூசையம்மாள் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஒரே அடுக்குமாடியில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவது சிரிப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, நீ போனை எடுப்பதில்லை. சங்க ஆபீசுக்கு வந்தால், "எழுதிப் பெட்டியில போடுங்க ஆண்ட்டி, தலைவர் பார்ப்பாரு" என்கிறாள் அங்கே வேலை செய்யும் பெண். தலைவர் என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

நீ குடியிருப்போர் சங்கத் தலைவராகி நான்கு மாதம். எங்கள் பிளாக்கின் இரண்டு லிஃப்டும் நின்று ஏழு வாரம். உன் மச்சானுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். பக்கத்து வீட்டு ரூபேந்திரனும் அவன் கூட்டாளியும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க நிற்கிறார்கள். அந்த நேரத்தில் உன் மச்சான் கண்ணை மூடிக்கொள்கிறார். பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

உனக்காக மூன்று பிளாக்கும் ஏறி ஓட்டுக் கேட்டேன். ஏழாம் மாடி ராஜம்மா முழங்கால் வலியில் வெளியே வராதவள். "என் தம்பி சொன்னா செய்வான் லா" என்று அவளைக் கைபிடித்து அழைத்துவந்தேன். ஒன்பது ஓட்டில் ஜெயித்தாய். இன்று அவள் வீட்டைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

லிஃப்டைக் கொஞ்சம் கவனி தம்பி.

உன் அக்கா,
சூசையம்மாள்


சங்க அலுவலகம், ஏ பிளாக்.
4 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. லிஃப்ட் விஷயம் செயற்குழுவின் கவனத்தில் உள்ளது. முந்திய நிர்வாகம் விட்டுச்சென்ற குழப்பம் இது. படிப்படியாகத்தான் சரிசெய்ய முடியும். பொறுமை காக்க வேண்டுகிறேன்.

இன்னொன்று. படிக்கட்டில் நின்று நாலு பேரிடம் இதைப் பேசாதீர்கள். தலைவருடைய சொந்த அக்காவே குறை சொல்கிறார் என்றால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பெர்னார்ட்,
தலைவர்


செனாய்.
28 மே 2024

பெர்னார்டுக்கு,

போன சனிக்கிழமை ரூபேந்திரனுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். தூக்க ஆள் இல்லை, டயாலிசிஸ் போகவில்லை. ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் உன் மச்சானுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜன்னலத் திற, ஜன்னலத் திற" என்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

பிழைத்துவிட்டார். நீ கேட்காததால் சொல்கிறேன்.

அவரை ஸ்ட்ரெச்சரில் வண்டிக்குக் கொண்டுபோனபோது ஏ பிளாக் வாசலில் உன் படம் போட்ட பேனர் கட்டியிருந்தது. சட்டமன்ற உறுப்பினர் பேட்மிண்டன் கோர்ட்டைத் திறக்க வருகிறாராம். அதற்காக உங்கள் பிளாக் லிஃப்டை இரண்டே நாளில் சரிசெய்து, உள்ளே கண்ணாடியும் மாட்டியிருக்கிறாய். அப்படியானால் உன்னால் முடியும். முடியாமல் இல்லை.

உன்னை நீக்கச் சிறப்புக் கூட்டம் கேட்டு பி பிளாக் லோகேஸ்வரன் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். அறுபது வீடு வேண்டுமாம், ஐம்பத்தொன்பதில் நின்றிருந்தது. என் வீட்டுக்கு மட்டும் அவர் வரவில்லை. நானே இறங்கிப்போய்ப் போட்டேன்.

சூசையம்மாள்


ஏ பிளாக்.
2 ஜூன் 2024

அக்கா,

பட்டியலைப் பார்த்தேன். கடைசியில் உன் பெயர். இரண்டு தடவை படித்தேன்.

இருபத்தாறு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். "ஓய்" என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போதுதான் ஆள்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க தலைவரே" என்கிறார்கள். அது உனக்குப் பொறுக்கவில்லையா? ஏ பிளாக்கை முதலில் பார்க்கச் சொன்னது செயற்குழு. நான் மறுத்திருந்தால் திறக்க வரும் சட்டமன்ற உறுப்பினர் முகத்தில் எப்படி விழிப்பது?

நடந்தது நடந்துவிட்டது. ஏ பிளாக் கீழ்த்தளத்தில் காவலாளி தங்கியிருந்த சங்க வீடு காலியாக இருக்கிறது. படியே இல்லை. வேன் வாசலுக்கே வரும். மச்சானோடு நாளைக்கே வந்துவிடு. யாரும் கேட்கமாட்டார்கள். கையெழுத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று லோகேஸ்வரனுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு.

தம்பி,
பெர்னார்ட்


ஏ பிளாக், கீழ்த்தளம்.
19 ஜூன் 2024

பெர்னார்ட்,

வந்து இரண்டு வாரம் ஆகிறது. வேன் வாசலுக்கே வருகிறது. உன் மச்சான் யார் கையும் படாமல் தானாக நடந்துபோய் ஏறுகிறார். நேற்று ரொட்டி சானாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "பெர்னார்டுக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னியா?" என்று தினமும் கேட்கிறார். எதைக் கொடுத்து இந்த வீட்டை வாங்கினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. லோகேஸ்வரன் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க நிலைமை புரியுது அக்கா" என்றார். திட்டியிருக்கலாம். ஐம்பத்தொன்பதுக்குக் கூட்டம் கிடையாது. உன் பதவி தப்பியது.

சாமான் எடுக்கப் போனபோது ராஜம்மா கதவைத் திறந்தாள். "நீ எறங்கிட்ட. நான்?" என்று கேட்டாள். மூன்றே வார்த்தை. சி பிளாக் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

நீ மோசமான தலைவன் என்று தெரியாமல் ஒரு முறை உன்னை ஜெயிக்கவைத்தேன். நன்றாகத் தெரிந்தே இரண்டாம் முறை காப்பாற்றினேன். முதலாவதை ஆண்டவர் மன்னிப்பார். இரண்டாவதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் போய், வரிசையில் நின்று, சொல்லாமலே திரும்பிவிட்டேன். உன் மேல் கோபப்படக்கூட எனக்கு இனி வாய் இல்லை. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான்.

மச்சான் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார். அடுத்த புதன்கிழமை மாலையில் வா. நவநாள் ஜெபத்துக்கு நான் கோவிலுக்குப் போய்விடுவேன். ஏழரைக்குத் திரும்பி வருவேன். அதற்குள் கிளம்பிவிடு.

சூசையம்மாள்